கீழே பார்க்காமல் இறக்காதவர்

நான் அண்ணா என்று கூப்பிடும் அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுநர். எர்ணாவூர் வீட்டில் வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால், விமான விளையாட்டில் விமானி! அவர் கண்ணில் தெரிவது டிவியிலும் தெரியும்.

ஓடுபாதை நெருங்கியது. திடீரென்று குனிந்து, தன் கால்களுக்கு நடுவே பார்த்தார். விளையாட்டில் அவர் தலை விமானத்தின் அடித்தட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. டிவி முழுக்கச் சென்னை!

"முன்னாடி பாருண்ணா!" கத்திவிட்டேன்.

"இரு நைனா. கீய யார்னா கீறாங்களான்னு பாக்காம எப்டி எறக்கறது?"

உயரத்தில் இருக்கும் கிரேன் கேபினின் கண்ணாடித் தரை வழியாகப் பார்த்துப் பார்த்துக் கண்டெய்னர் இறக்கும் பழக்கம். விமானம் துள்ளித் துள்ளி ஒருவழியாக நின்றது. இருவரும் கைதட்டிக் குதித்தோம்.

போன வாரம் நிஜ விமானம் சென்னையில் தரையிறங்கியபோது நான் என்னையறியாமல் குனிந்தேன்.

"எதாவது விழுந்துடுச்சா சார்?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

"இல்ல. கீழ யாருமில்ல, எறக்கலாம்" என்றேன்.