எந்தப் பக்கம்

இடது காது போனபோது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரு நாள் காலையில் எழுந்தேன், அந்தப் பக்கம் அடைத்துக் கிடந்தது. அப்புறம் திறக்கவே இல்லை. மெஷின் மாட்டிப் பிரயோஜனமில்லை, ஆபரேஷன் செய்து உள்ளே கருவி வைத்தால் கேட்கும் என்றார் மதுரை டாக்டர். உடனே வைத்துவிடலாம் என்றாள் என் மனைவி. எனக்குத்தான் வீம்பு.

"ஒத்தக் காத வச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு ஓட்டுவீக?"

"உன் பேச்சக் கேக்க ஒரு காதே அதிகம்."

அவளும் சிரித்துவிட்டாள். இன்று நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒற்றைக் காதிலும் சத்தம் கேட்கும். எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியாது. எல்லாமே வலப்பக்கம் வருவதுபோலிருக்கும். அவள் கொல்லையிலிருந்து கூப்பிட்டால் நான் வாசலில் போய் நிற்பேன். அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஊருக்கு மேற்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவளுக்கு வேலை. காலையில் வேன் வரும். எங்கள் பக்கத்தில் பெரிய வெடிச்சத்தம் கேட்டால் என்ன சத்தம் என்று யாரும் கேட்பதில்லை. எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள்.

ஒரு புரட்டாசி மதியம், வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெடித்தது. வலப்பக்கம், அதாவது கிழக்கே. கிழக்கே என்றால் அவள் இல்லை. என் காதை நம்பக் கூடாதென்று எனக்கே தெரியும். ஆனாலும் நம்பினேன், நம்பத்தான் பிடித்திருந்தது. இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மிச்சச் சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

கை கழுவும்போது எதிர்வீட்டுக்காரி ஓடிவந்தாள். "மேக்க வெடிச்சிருக்குண்ணே, இன்னும் இங்கனயா இருக்கீக?"

நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் கிளம்பிப் போயிருந்தது. சிவகாசி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. ஏற்றும்வரை என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அம்மா ஆசைப்பட்டது என்று மறு வருஷம் மகள்தான் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்யவைத்தாள். முதலில் எல்லாச் சத்தமும் தகரத்தைத் தட்டுவதுபோல இருந்தது. நல்ல காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, மகள் வாசிக்க வாசிக்க, மாதக்கணக்கில் பழகினேன். இந்த வயதில் புதுக் காதா என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். அறையலாம் போலிருந்தது.

போன மாதம் மறுபடியும் வெடித்தது. எதிர்வீட்டுக்காரி தெருவில் பதறிக்கொண்டு நின்றாள். அவள் மகள் வேலைக்குப் போவதும் மேற்கேதான்.

"எந்தப் பக்கம்ணே?"

என் தலை தானாகத் திரும்பியிருந்தது. "மேக்க," என்றேன்.

அவள் ஓடினாள். நான் வாசலிலேயே நின்றேன். காது சரியாகத்தான் சொன்னது. ஓடிப் போய்ப் பார்க்க எனக்கு அங்கே யாருமில்லை.