குளிர்ந்த குப்பியும் வெறும் உப்புத்தண்ணீரும்

பரிபூரணம் ராஜபாளையத்து நூல் மில் ஒன்றின் தரச் சோதனை அறையில் பத்தொன்பது வருஷம் இருந்தவள். மில் மூடியதும் கிருஷ்ணன்கோவில் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து காலேஜ் பஸ்ஸில் போய் வருவாள். படிப்பு பத்தாம் வகுப்பு. ஆனால் ஒன்றை அளப்பது என்றால் என்னவென்று தன்னைத் தவிர அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது என்பது அவளுடைய முடிவு. அதை மாற்றிக்கொள்ள ஆறு வருஷமாக யாரும் அவளுக்குக் காரணம் எதுவும் கொடுக்கவில்லை.

மில்லில் நூலை எடுத்த சூட்டோடு எடை போட மாட்டார்கள். ஈரக் காற்றில் நூல் கனக்கும், வறண்ட காற்றில் இளைக்கும். சிட்டம் சிட்டமாகச் சுற்றிய நூல் எல்லாவற்றையும் ஒரே அறையில் ஒரு நாள் கிடத்தி, எல்லாம் ஒரே பதத்துக்கு வந்த பிறகுதான் தராசு. இது அவளுக்குப் பல் விளக்குவது போல.

பேராசிரியர் சூர்யபிரகாஷுக்கு இது தெரியாது. வெளிநாட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அந்த ஊர் ஆய்வகத்தின் அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. சொட்டு விடும் குழாயை அவர் கையால் தொட்டு பரிபூரணம் பார்த்ததில்லை. சொட்டு விடுவது ஆராய்ச்சி மாணவன் பாலகணேஷ். லேப்டாப்பில் கோடு இறங்கும்போது கை தட்டுவது பேராசிரியர்.

அவர்கள் செய்தது நகத்தளவு சிப். அதில் மின்சாரம் ஓடும் பிளாஸ்டிக் படலத்தாலான டிரான்சிஸ்டர் ஒன்று. படலத்தின் மேல் அல்புமின் என்ற புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் பொருளைப் பூசியிருப்பார்கள். சிறுநீர்ச் சொட்டில் அல்புமின் இருந்தால் அது அங்கே ஒட்டும், மின்னோட்டம் குறையும், லேப்டாப்பில் கோடு இறங்கும். சாயம் சேர்க்க வேண்டாம், ஒளிரும் அடையாளம் எதையும் கட்டிவிட வேண்டாம். சிறுநீரகம் கெடத் தொடங்குவதை முதலிலேயே சொல்லிவிடலாம். அந்த யோசனையைப் பரிபூரணம் மதித்தாள். அது யார் கையில் கிடக்கிறது என்பதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

வருகிற திங்கட்கிழமை வத்திராயிருப்பில் முகாம். வயல் வேலைக்குப் போகிறவர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள் என்று ஐநூறு பேர் வருவார்கள். அல்புமின் இல்லை என்று சிப் சொன்னால் வீட்டுக்குப் போகலாம், வேறு சோதனை கிடையாது என்று பேராசிரியர் ஏற்பாடு செய்திருந்தார்.

சோதித்துப் பார்க்க அல்புமின் கலந்து வைத்த குப்பிகள் கெட்டுவிடும் என்று ஃபிரிட்ஜில் இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்கும் வெறும் உப்புத்தண்ணீர் கெடாது என்று மேஜையிலேயே கிடந்தது. வியர்த்து வழியும் குப்பியைப் பாலகணேஷ் எடுப்பதை அவள் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் உப்புத்தண்ணீரையும் ஃபிரிட்ஜில் வைத்தாள். குளிர்ந்ததும் எடுத்துச் சொட்டு விட்டாள். கோடு அதே அளவுக்கு இறங்கியது. மூன்று சிப், ஒவ்வொன்றிலும் நான்கு தடவை. சிப் பிடித்தது புரதத்தை அல்ல, ஜில்லிப்பை.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"ஏம்மா, நீங்க மில்லுல நூல் எண்ணுன ஆளு. இது எலக்ட்ரானிக்ஸ்."

பாலகணேஷ் பக்கத்தில் நின்று சிரித்தான்.

"நூலை எண்ண மாட்டோம் சார். எடை போடுவோம். போடுறதுக்கு முன்னால எல்லாத்தையும் ஒரே பதத்துக்குக் கொண்டாருவோம்."

இவ்வளவு பெரிய படிப்பு படித்தும் ஒரு குப்பியைக் கையால் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லையே என்று எண்ணிக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

வெள்ளிக்கிழமை செயல்விளக்கம். முகாமை நடத்தும் டாக்டர் ஆனந்தவல்லியும் கல்லூரி முதல்வரும் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. பரிபூரணம் ஏழு மணிக்கே ஃபிரிட்ஜைத் திறந்து அல்புமின் குப்பிகளை எடுத்து உப்புத்தண்ணீருக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். ஒரே ஒரு குப்பியை மட்டும் உள்ளே விட்டாள். பத்து மணிக்கு மேஜையில் இருந்தவை எல்லாம் இருபத்தேழு டிகிரி.

பாலகணேஷ் உப்புத்தண்ணீரைச் சொட்டினான். கோடு நேராகப் போனது. அல்புமினைச் சொட்டினான். அப்போதும் நேராகத்தான் போனது. சிப் இன்னும் தயாராகவில்லை என்று பேராசிரியர் முதல்வரிடம் சொல்லிச் சிரித்தார். இரண்டாவது சிப்பும் அப்படியே. மூன்றாவதற்கு அவரே குப்பியைக் கையில் எடுத்தார். முகம் மாறியது.

"யாரு இதை வெளிய எடுத்து வச்சது? கூலிங் போயிருச்சுன்னா கரண்ட் எப்படி இறங்கும்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. ஆனந்தவல்லிக்கு அதற்கு முன்பே உறைத்துவிட்டது.

"சார், முகாமுக்கு வாறவிய ஒண்ணுக்கு சூடாத்தான இருக்கும்? ஐஸ்ல வச்சா கொண்டாரச் சொல்லணும்?"

பரிபூரணம் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு குப்பியை எடுத்து வந்து தானே சொட்டினாள். கோடு அழகாக இறங்கியது.

"இதுல அல்புமின் எம்புட்டு இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல டாக்டர். வெறும் உப்புத்தண்ணி."

இது மிகவும் சுவாரசியமான முடிவு, தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம் என்றார் பேராசிரியர். முதல்வர் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார். ஆனந்தவல்லி இருவரையும் பார்க்காமல் கைப்பையை எடுத்துக்கொண்டு, முகாமுக்கு, சிறுநீரில் நனைத்தால் அல்புமினுக்கு நிறம் மாறும் வழக்கமான காகிதப் பட்டையே போதும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் பேராசிரியர், மாதிரிகளைக் கெடுத்ததற்கு எழுத்தில் விளக்கம் கேட்டார். பரிபூரணம் எழுதிக் கொடுத்தாள்: எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை டிகிரி, எந்தச் சிப், கோடு எவ்வளவு இறங்கியது. அவர் எதிர்பார்த்தது மன்னிப்பு. வேறு மாதிரி எழுதித் தரச் சொன்னார்.

"இதுல தப்பான அளவு எதுன்னு காட்டுங்க சார். திருத்தித் தாரேன்."

அவர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கோப்பில் அது சேரவே இல்லை.

திங்கட்கிழமை வத்திராயிருப்பில் முப்பத்தொரு பேருக்குப் பட்டை பச்சையாக மாறியது. அவர்களை மதுரைக்கு மேல்சோதனைக்கு எழுதி அனுப்பினார்கள். அந்த முப்பத்தொரு பேருடைய சூடான சிறுநீரில் ஒரு சொட்டுக்குக்கூடச் சிப்பில் கோடு இறங்கியிருக்காது.