வனஜாவின் கழுத்தும் கோவிந்தராஜனின் டபுள் ஷிஃப்டும்

வனஜாவுக்குத் தலைவலி என்றால் எங்கள் கட்டிடத்தில் யாரும் ‘எப்போதிலிருந்து’ என்று கேட்க மாட்டார்கள். தொண்ணூற்றொன்றில் அவள் மராத்தி ஊரான இந்த நிக்டிக்கு, எங்கள் எதிர் வீட்டுக்குக் குடிவந்தபோதே அதுவும் கூட வந்தது. குடியாத்தத்திலிருந்து கட்டில், பீரோ, ஒற்றைத் தலைவலி மூன்றையும் ஒரே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவள் என்று நான் கேலி செய்வேன். அப்போதெல்லாம் அவளும் சேர்ந்து சிரிப்பாள். போகப் போகச் சிரிப்பதற்கும் தெம்பில்லாமல் போனது.

பிடரியில் வலது பக்கம் ஆரம்பிக்கும். அங்கிருந்து ஏறி ஒரு கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளிச்சம் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது, குக்கர் விசில் ஆகாது. ஜன்னலுக்குக் கனமான போர்வையைக் கட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு பக்கெட்டை வைத்துக்கொண்டு படுத்துவிடுவாள். மகள் ப்ரீதி தட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். அந்தக் குழந்தை பேசக் கற்றுக்கொண்டதைவிடச் சீக்கிரம், சத்தமில்லாமல் கதவு சாத்தக் கற்றுக்கொண்டது. அதைப் பார்த்து யாரும் பெருமைப்பட முடியாது.

ஊரில் தலைவலிக்கு மருந்து சொல்லாதவர் உண்டா? சுக்குப் பற்றுப் போடச் சொன்னார்கள். மேல்வீட்டு மராத்தி வஹினி, அதாவது அண்ணி, மூக்கில் நெய் விடச் சொன்னாள். வனஜா கண்ணாடியை மாற்றினாள், தலையணையை மாற்றினாள். நரம்பு டாக்டர் கொடுத்த மாத்திரை மட்டும் கேட்டது, அதுவும் ஆரம்பத்திலேயே போட்டால்தான். வலி முற்றிய பிறகு போட்டால் மாத்திரையும் வாந்தியோடு வெளியே வந்துவிடும். அவளுக்கோ அது எப்போது வரும் என்றே தெரியாது. பள்ளிக்கூட ஆபீசில் தலையைக் குனிந்து டைப் அடித்துக்கொண்டிருப்பாள், திடீரென்று பிடித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது ஒன்றுதான்: புருஷன் நம்பவில்லை. கோவிந்தராஜன் பிம்ப்ரியில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். நாளைக்கு நிற்கப் போகிற மெஷினை இன்றைக்குச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் என்று கம்பெனியில் பெயர். வீட்டில் அந்தக் காது இல்லை. “எல்லாம் மனசுலதான் இருக்கு. ஆபீஸ் போக அலுப்பா இருந்தா தலைவலியும் கூடவே வரும்” என்பார். குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். இப்படிப்பட்டவரைப் பற்றி யாரிடம் போய்க் குறை சொல்வது? ஒரே ஒரு நாள், ‘ஆமாம், உனக்கு வலிக்கிறது’ என்று அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஆசை.

இதில் அவளுடைய அதிர்ஷ்டத்தையும் சொல்ல வேண்டும். அவள் படுக்கிற நாளில்தான் கம்பெனியில் செகண்ட் ஷிஃப்டுக்கு ஆள் வராது. அவருக்கு டபுள் ஷிஃப்ட் விழும். வீட்டுக்கு வர நடுராத்திரி தாண்டிவிடும். “என் ஜாதகம் அப்படி அக்கா” என்பாள் வனஜா. நானும் சனிக்கிழமை எள் தீபம் போடச் சொன்னேன். பாவி, அதையும் போட்டாள்.

இரண்டாயிரத்து மூன்றில், டவுன் நடுவே கேம்ப் என்கிற பேட்டையில் ஒரு கைரோப்ராக்டர் இருப்பதாக அவள் ஆபீசில் யாரோ சொன்னார்கள். டாக்டர் ரோஷன், பார்சிக்காரப் பெண், வெளிநாட்டில் படித்தவள். மூட்டையும் முதுகெலும்பையும் கையாலேயே சரிசெய்கிற வைத்தியம். கோவிந்தராஜன் சிரித்தார். “சலூன்ல தலை மசாஜ் பண்ணிட்டு கழுத்துல சொடுக்கு எடுப்பான், அதுக்கா கேம்ப் வரைக்கும்?” அதனால் முதல் தடவை நான்தான் துணைக்குப் போனேன்.

எனக்கும் உள்ளூரப் பயம்தான். கழுத்து என்ன முறுக்கு மாவா, பிடித்துத் திருக? ஆனால் அந்தப் பெண் அன்று கழுத்தைத் தொட்டுப் பார்த்ததோடு சரி. ரத்த அழுத்தம் பார்த்தாள், நரம்பு டாக்டர் எழுதியதை வாங்கிப் படித்தாள், எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னாள். ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றி அவள் சொன்னதன் சாரம் இதுதான்: மைக்ரேன் மொத்தமாகப் போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு எந்தப் பலனும் இருக்காது. உங்கள் கழுத்தில் மேல் மூட்டுகள் இறுகியிருக்கின்றன, அதனால் கூடுகிற பங்கு குறையலாம். மாத்திரையை நிறுத்தக் கூடாது. கையில் மரமரப்பு, தலைசுற்றல் என்று எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும்.

அடுத்த தடவையிலிருந்து மெல்ல அழுத்தி, தளர்த்தி, பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். டைப் அடிக்கிற மேஜையின் உயரத்தைக்கூடக் கேட்டாள். சில வாரங்களில் வனஜா பஸ்ஸில் என் பக்கம் தலையைத் திருப்பிப் பேசியபோதுதான், இத்தனை நாள் உடம்போடு சேர்த்துத் திரும்பிக்கொண்டிருந்தாள் என்பதே எனக்கு உறைத்தது.

ஒருநாள் டாக்டர் கேட்டாள்: “வலி வருவதற்கு முதல் நாள் ஏதாவது அறிகுறி தெரியுமா? தெரிந்தால் மாத்திரையை நேரத்தோடு போடலாம்.” தெரியாது என்றாள் வனஜா. “நமக்கே தெரியாது, சில சமயம் கூட இருப்பவர்களுக்குத் தெரியும். வீட்டுக்காரரை அழைத்து வாருங்கள்.”

கோவிந்தராஜன் முனகிக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்தார். அங்கே நடந்ததை மறுநாள் என் சமையலறையில் உட்கார்ந்து வனஜா சொன்னாள். டாக்டர் கேள்வியை முடிப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டாராம். முதல் நாள் காலையிலிருந்து கொட்டாவி விடுவாள். சாப்பிட்டதும் வெல்லக் கட்டியைத் தேடுவாள். ப்ரீதிக்குத் தலை பின்னும்போது கழுத்தை வலது பக்கமாக ஒரு வெட்டு வெட்டுவாள். இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் மறுநாள் கட்டாயம் படுத்துவிடுவாள், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. மெஷினைப் பற்றிச் சொல்கிற அதே பெருமையோடு சொன்னாராம். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு கவனிக்கிற கணவர் கிடைக்க நீங்கள் கொடுத்து வைத்தவர் என்றாளாம்.

“அக்கா, இவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. ஒரு நாள் முன்னாடியே தெரிஞ்சிருக்கு.”

திரும்பும் வழியில் தாபோடி பாலம் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து கேட்டிருக்கிறாள்.

“அப்போ அந்த டபுள் ஷிஃப்ட்?”

சிஞ்ச்வட் சிக்னலில் வண்டி நின்றபோதுதான் திரும்பாமலேயே சொன்னார்.

“நானே கேட்டு வாங்கிப்பேன். நீ அப்படிக் கெடக்குறதை என்னால பார்க்க முடியலை வனஜா. மெஷினா இருந்தா பிரிச்சுப் பார்த்துடுவேன். உன்னை என்ன பண்றது?”

“மனசுலதான் இருக்குன்னு சொன்னீங்களே.”

“அப்படிச் சொன்னாத்தான் கிளம்பிப் போக முடியும்.”

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. பார்க்க முடியவில்லையாம். குழந்தைக்கு நான் சோறு போட்டேன், பக்கெட்டைக் கழுவினேன். நான் மட்டும் கண்ணை என் வீட்டில் கழற்றி வைத்துவிட்டா போனேன்? நல்ல மனுஷன் என்று இத்தனை வருஷம் அந்த ஆளுக்குப் பண்டிகைக்குப் பண்டிகை பாயசம் வேறு கொடுத்தனுப்பியிருக்கிறேன். வனஜா அழவில்லை. “அழுதா தலைவலி வரும்” என்றாள்.

கேம்ப்புக்குப் போவதை அவள் விடவில்லை. தலைவலி போய்விட்டது என்று சொன்னால் அது பொய். வருவது குறைந்தது, வந்தாலும் முன்போல ஆளை அடித்துப் போடுவதில்லை. அது கழுத்தைத் தளர்த்தியதாலா, கொட்டாவி வந்ததுமே எச்சரிக்கையாகி மாத்திரையை நேரத்தோடு போடுவதாலா என்று டாக்டர் ரோஷனுக்கே நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்குப் பிறகு ஒரு காலை. கோலம் போட வாசலுக்கு வந்த வனஜா பெரிய கொட்டாவி ஒன்று விட்டாள். முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பிய கோவிந்தராஜன், டிபன் டப்பாவும் கையுமாக நின்று அதைப் பார்த்தார். நானும் என் வாசலில் நின்று அவரைப் பார்த்தேன். படியிறங்கிப் போனார்.

மாத்திரை போட்டும் மறுநாள் மத்தியானம் வலி வந்துவிட்டது. ஸ்கூல் முடிந்து வந்த ப்ரீதி வழக்கம்போல என் வீட்டுக்கு வந்தாள். நாலு மணிக்கெல்லாம் மாடிப்படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. ப்ரீதி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து வனஜா வந்து உட்கார்ந்தாள். முகம் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது.

“கால்மாட்டுல வந்து உட்கார்ந்தார் அக்கா. பக்கெட்டை எடுத்துட்டுப் போய் அவரே கழுவி வெச்சார். மத்தபடி ஒண்ணும் பண்ணலை, சும்மா உட்கார்ந்திருந்தார். நிமிஷத்துக்கு ஒரு பெருமூச்சு. அந்தச் சத்தமே எனக்குத் தாங்கலை. எழுந்து போனாத் தேவலைன்னு இருந்துச்சு.”

“போகச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லலை” என்றாள் வனஜா. “இருக்கட்டும். அவரும் பார்க்கட்டும்.”