மாமா எடை போட்ட கதை

என் அக்கா வீட்டுக்காரர் குழாய் வேலை பார்ப்பவர். நான் அதே கட்டடத்தில் மேல்மாடியில் குடியிருப்பதால், கீழே அவர்கள் பேசுவது எனக்கு ரேடியோ மாதிரி. பேசுவது என்றால் அக்கா பேசுவாள், மாமா கேட்பார். ஊரில் பாதி வீட்டுக்குத் தண்ணீர் வரவைத்த மனிதருக்கு வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க அனுமதி இல்லை. கடவுளுக்குக் குறும்பு கொஞ்சம் அதிகம்தான்.

மாமாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்து, உடம்பில் தேங்கிய தண்ணீரையும் இழுத்தெடுக்கும். குடிக்கிற தண்ணீர் வெளியேற வேறு வழி கிடையாது. அதனால் ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில்தான். காலையிலேயே அக்கா அளந்து வைத்துவிடுவாள். அதற்கு மேல் கேட்டால் வாய்க்கு ஒரு ஐஸ்கட்டி, காதுக்கு அரைமணி நேரத் திட்டு.

மாமா லேசுப்பட்டவரா? மெஷின் இல்லாத நாட்களில் சின்னச் சின்ன வேலைகளுக்குப் போவார். மாட்டிய குழாயைத் திறந்து, கையேந்தி ஒரு மடக்கு குடிப்பார். "தண்ணி ஒழுங்கா வருதான்னு பாக்க வேணாமா மாப்ளே?" என்பார் என்னிடம். அக்காவிடம் மறைத்துவிடலாம், ஆஸ்பத்திரி எடைமெஷினிடம்? தண்ணீர் தேங்காத உடம்புக்கு என்ன எடை இருக்க வேண்டுமென்று டாக்டர் குறித்து வைத்திருப்பார். போனதும் ஏற்றி நிறுத்துவார்கள். அந்த எடைக்கு மேல் ஏறியதெல்லாம் மாமா குடித்தது. நர்ஸ் அதைச் சத்தமாக வேறு சொல்வார். அங்கே தொடங்கினால் வீடு வரைக்கும் அக்காவின் அர்ச்சனைதான்.

ஒருநாள் டாக்டர், "உடம்பு மாறியிருக்கும். அடுத்த தடவை மெஷின் முடிஞ்சதும் என்ன எடையோ, அதையே புதுசாக் குறிச்சுக்கலாம்" என்றார். மாமாவின் மூளை வேலை செய்தது. அடுத்த தடவை மெஷின் முடிந்து எடை பார்க்க ஏறியபோது அவருடைய தொளதொள கால்சட்டைப் பைகளுக்குள் நான்கு பித்தளைக் குழாய்கள் இருந்தன. சட்டையை மேலே தொங்கவிட்டுக்கொண்டு பரம சாதுவாக நின்றாராம்.

அதற்குப் பிறகு வெறும் பையோடு ஏறினால் ஏற்றமே தெரியவில்லை. நர்ஸ் பாராட்டினார். அக்கா பூரித்துப்போனாள். "பரவாயில்லையே, சொன்ன பேச்சு கேக்குறீங்களே" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. கூட இரண்டு மடக்கு குடித்தார். மெஷினோ குறித்துவைத்த எடையை நம்பி, எடுக்க வேண்டிய தண்ணீரை உடம்பிலேயே விட்டுவைத்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

முகம் உப்பியது. கால் வீங்கியது. ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர், படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தார். அக்கா போட்ட சத்தத்தில் நான் படியிறங்கி ஓடினேன். ஆஸ்பத்திரியில் டாக்டரே குழம்பிவிட்டார்.

"எடை சரியாத்தானே இருக்கு. ஆனா நுரையீரல் பூராத் தண்ணி. எப்படி?"

அக்கா மாமாவைப் பார்த்தாள். ஆக்சிஜன் மாஸ்க்குக்கு மேலே திருட்டு முழி. மாஸ்க்கை விலக்கி, "பையில நாலு குழாய்" என்றார். பிறகு விஷயத்தைத் துண்டு துண்டாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, நாலு அறை விடவும் தோன்றியது.

பிழைத்து வீட்டுக்கு வந்தார். ஆனால் அக்கா திட்டவில்லை. தண்ணீரை அளந்து வைப்பாள், சாப்பாடு போடுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவ்வளவுதான். என் ரேடியோ ஓய்ந்துவிட்டது. ஒரு சாயங்காலம் மாமா நின்று நின்று மூச்சு வாங்கி மாடியேறி வந்தார்.

"மாப்ளே, உங்கக்கா திட்டவே மாட்டேங்குறா. எனக்குப் பயமா இருக்கு."

"அதை அவகிட்டப் போய்க் கேளுங்க" என்று கைத்தாங்கலாகக் கீழே அழைத்துப் போனேன். வேடிக்கை பார்க்கிற ஆசையும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமா வாசலிலேயே நின்று, "உன் வாய்க்குப் பயந்துதானே அப்படிச் செஞ்சேன்" என்றார்.

அக்கா நிமிரவில்லை. "நான் எதுக்குப் பயப்படுறேன்னு தெரியுமா உங்களுக்கு? ஒருநாள் இந்த வீட்ல திட்டுறதுக்கு ஆளில்லாம நான் மட்டும் உக்காந்திருப்பேன். அதான் இப்பவே பழகிப் பாக்குறேன்."

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அவர் மெல்லப் போய் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"இன்னிக்குக் காலைல ரெண்டு மடக்கு கூடக் குடிச்சிட்டேன்" என்றார்.

துணி மடித்த கை நின்றது. "எப்போ?"

"பல்லு விளக்கும்போது."

அக்கா ஆரம்பித்தாள். புத்தி இருக்கிறதா என்று தொடங்கி, சின்னப்பிள்ளைகூடச் சொன்னால் கேட்கும் என்று போய், மாமாவின் நாக்கை, தொழிலை, வம்சத்தையே இழுத்தாள். அழுதுகொண்டே திட்டினாள். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் மாமா வாயைத் திறந்தார்.

"இன்னும் சொல்லு" என்றார்.