பின் ஃபுட்ரெஸ்ட் தேயாத வண்டி

இன்று பரளச்சியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு, மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன்.

கண்டக்டர் ஹெல்மெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வண்டி எங்கக்கா?" என்றார்.

இனிமேல்தான் வாங்க வேண்டும் என்றேன். (ஹெல்மெட்டுக்குத் தனி டிக்கெட் கேட்கவில்லை. நல்ல மனிதர்.)

நடந்தது இதுதான்.

ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு பழைய டூரிங் பைக் தேடுகிறேன் என்பதை மூன்று மாதமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முதலில் எங்கே போகப் போகிறாய் என்பார்கள். அடுத்து, யாரோடு என்பார்கள். முதல் கேள்விக்கு என்னிடம் நீண்ட பட்டியல் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்கட்டும் என்று காத்திருந்ததில்தான் இத்தனை வருடம் போனது.

நான் பார்த்துவைத்தது காடுமேடெல்லாம் ஏறும் வண்டிபோல உயரமாக இருக்கும். ஆனால் டயரும் சீட்டும் தார் ரோட்டுக்கென்றே செய்தவை. நாள் முழுக்க ஓட்டினாலும் இடுப்பு தாங்கும். விளம்பரத்தில் 'ஒரே ஓனர், கணவன் மனைவி டூர் போன வண்டி' என்று இருந்தது. போனிலேயே விலை பேசியாகிவிட்டது. ஓட்டிக்கொண்டே திரும்பிவிடலாம் என்று காலையில் ஹெல்மெட்டோடு பஸ் ஏறினேன்.

விற்பவர் பெயர் செல்வராஜ். பத்தொன்பது வருடம் வெளிநாட்டில் எலக்ட்ரீசியனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வாசலில் நின்றபடி எனக்குப் பின்னால் பார்த்தார்.

"கூட யாரும் வரலையா மேடம்?"

"இல்ல சார்."

"இல்ல, வண்டி பாக்க வீட்ல ஆம்பளைக... ஒரு மெக்கானிக்காவது..."

நானே பார்த்துக்கொள்வேன் என்றேன். நூல் மில்லில் தரம் பார்ப்பது என் வேலை. நல்ல நூல் என்று யார் சொன்னாலும் நம்பாமல் இருப்பதற்குத்தான் இருபத்தைந்து வருடமாக எனக்குச் சம்பளம்.

அவர் பேசிக்கொண்டே இருந்தார். தானும் மனைவியும் வேளாங்கண்ணி போனது, கொடைக்கானல் போனது, மூணாறு குளிர் மனைவிக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது. நான் குத்தவைத்து உட்கார்ந்து வண்டியைப் பார்த்தேன்.

முன் ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. பின்னால் இருப்பவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் இரண்டும் மடங்கியே கிடந்தன. கையால் இழுத்தேன், வரவில்லை. புழுதி இறுகியிருந்தது. குதிகாலால் தட்டித்தான் விரிக்க முடிந்தது. ரப்பரின் மேல், அச்சிலிருந்து எடுத்தபோது இருந்த சின்னச் சின்ன முடிகள் அப்படியே நின்றன.

"சார், பின்னால யாரும் உக்காந்ததே இல்ல போலயே. அப்ப மீட்டர மட்டும் எப்படி நம்புறது?"

செல்வராஜ் குனிந்து அந்த ஃபுட்ரெஸ்டை மறுபடி மடக்கினார். குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஜெயராணி சொன்னார்.

"மீட்டரு நெசந்தாம்மா. டூருதான் பொய்."

என்ன பேசுவதென்று தெரியாதபோது வேலையைத் தொடர்வது என் வழக்கம். சுமையோடு எப்படிப் போகிறதென்று பின்னால் ஆள் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று செல்வராஜிடம் சொன்னேன். அவர் தெருவை ஒரு பார்வை பார்த்தார். ஒரு பெண் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து அந்தத் தெருவில் போக அவர் தயாராக இல்லை.

ஜெயராணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். "நான் வாரேன்."

செல்வராஜ் உள்ளே போய் ஒரு ஹெல்மெட் எடுத்துவந்தார். அதன் கண்ணாடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் உரிக்கப்படவில்லை.

துவைக்கிற கல்லில் ஏறி நின்று ஜெயராணி வண்டியில் உட்கார்ந்தார். திருச்சுழி ரோட்டில் போனோம். இரண்டு பக்கமும் கருவேலம், அதைத் தாண்டி உழுதுபோட்ட கரிசல். வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்கியபோது என் தோளைப் பிடித்தார். பிறகு எடுக்கவில்லை.

அவராகவே சொன்னார்.

"பத்தொம்பது வருசம் தனியா இருந்தேம்மா. வந்த ஒடனே வண்டி வாங்கிக் கூப்புட்டாக. தோளப் பிடிக்கணும்ல? கூச்சமா இருந்துச்சு. யாரோ ஒருத்தரப் பிடிக்கப் போறாப்புல. அடுத்த வாரம், அடுத்த வாரம்னேன்."

"இப்ப?"

"இப்ப அவுக கூப்புடுறதில்ல."

தோளில் ஒரு கை இருப்பது எனக்கும் புதிதாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது செல்வராஜ், விட்டுப் போன அதே இடத்தில் ரோட்டைப் பார்த்து நின்றார். வண்டி அருமை, குறை சொல்ல ஒன்றும் இல்லை. எடுத்துக்கொள்கிறேன் என்றேன். வீட்டிலிருக்கும் ஹெல்மெட் இரண்டையும் சேர்த்தே தருகிறேன் என்று செல்வராஜ், ஜெயராணி பக்கம் கையை நீட்டினார்.

ஜெயராணி கொடுக்கவில்லை. கழற்றிய ஹெல்மெட்டை இடுப்போடு அணைத்துக்கொண்டார்.

"இது எனக்கு வாங்குனதுல்ல? இருக்கட்டும்."

செல்வராஜ் நீட்டிய கையை மெல்ல இறக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "மேடம்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

சாவி என் கையில் இருந்தது. எனக்குப் பிடித்த வண்டி, மூன்று மாதத் தேடல், பேசி முடித்த விலை. ஒரு நிமிடம் அப்படியே வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு செல்வராஜிடமே திருப்பிக் கொடுத்தேன்.

பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிடுவதாகச் சொன்னார்.

"நான் நடந்துக்கிடுவேன் சார். நீங்க அவுகளக் கூப்புடுங்க."

பஸ் வர அரைமணி நேரம் ஆனது. அதற்குள் அந்த வண்டி என்னைக் கடந்து போனது, இரண்டு பேரோடு. ஜெயராணி பின்கம்பியைத்தான் பிடித்திருந்தார், தோளை அல்ல. (தரம் பார்ப்பவளின் கண் அதையும் பார்த்தது. போகட்டும், முதல் நாள்தானே.)

ஆகவே மறுபடியும் தேடுகிறேன். இந்த முறை எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டை, விருதுநகர் பக்கம் யாரிடமாவது நல்ல டூரிங் பைக் விற்பனைக்கு இருக்கிறதா?

பின் ஃபுட்ரெஸ்ட் தேயாமல் இருந்தாலும் பரவாயில்லை. என்னிடமும் அது அப்படியேதான் இருக்கும்.

ஏன் தேயவில்லை என்று மட்டும் இந்தத் தடவை கேட்க மாட்டேன்.