கள்ளுக்குப் பதிலாக ஒரு வாளி பியர்

லண்டனின் குரோய்டனில், வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்களுக்கான கடையொன்றில் நிற்கிறேன். எனக்குத் தங்க இடம் கொடுத்திருக்கும் சிவநேசன், காலை முழுக்க அகதி விண்ணப்ப அலுவலகத்தில் வரிசையில் நின்றுவிட்டு, என் ஆங்கிலத்தை நம்பி என்னை நேரே இங்கே இழுத்து வந்திருக்கிறார். மூடி போட்ட பெரிய வாளி, மால்ட் பாகு டின், சீனி, ஈஸ்ட் எல்லாவற்றையும் மேசையில் அடுக்குகிறார். நான் லண்டன் வந்தது வாளி தூக்கவா என்று எரிச்சலாக இருக்கிறது.

கடைக்காரக் கிழவர் உலர்ந்த ஹொப்ஸ் பூப் பொட்டலம் ஒன்றை எடுத்து வைக்கிறார். சிவநேசன் அதைத் தள்ளிவிடுகிறார்.

“இது போடாவிட்டால் கசக்காதே. பிறகென்ன பியர்?” என்று கிழவர் ஆங்கிலத்தில் கேட்கிறார்.

“கசப்பு வேண்டாம் எண்டு சொல்லுங்கோ அண்ணை. அப்பா கள்ளுத்தான் குடிக்கிறவர். எட்டுச்செலவுக்குப் படைக்கோணும்.”

அவருடைய அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்துபோனது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. இறந்த எட்டாம் நாள், இறந்தவருக்குப் பிடித்த சாப்பாட்டையும் குடியையும் படைப்பது அவர்கள் வழக்கம். சண்டை நடக்கும் ஊருக்கு இவரால் போக முடியாது.

விருந்து எப்போது என்று கிழவர் சிரித்தபடி விசாரிக்கிறார். பியர் பதமாக மூன்று வாரமாவது ஆகுமாம். அதற்குள் எட்டாம் நாள் தாண்டிவிடுமே என்று சிவநேசனிடம் தயங்கித் தயங்கிச் சொல்கிறேன்.

“அது பரவாயில்லை அண்ணை.” சீனியைப் பைக்குள் வைக்கிறார். “அப்பா செத்து ரெண்டு மாசம். எனக்கு முந்தநாள்தான் சேதி வந்தது.”