சீல் வைக்கும் முன்

மெத்தைக் கடையைக் கடக்கும்போது பஞ்சு வாடை மூக்கில் ஏறினால் போதும், இன்று கார்கள் நிற்கும் இடத்தில் முப்பதுகளில் இருந்த திருப்பூர் கூட்ஸ் ஷெட்டுக்குப் போய்விடுகிறேன். அங்கே கிழிந்த பஞ்சுப் பொதிகளை அம்மா கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருக்க, தங்கை வள்ளி வேகனுக்குள் ஏறிப் பொதிகளின் இடுக்கில் தூங்கிவிடுவாள். அதனால், கதவை மூடி ஈய சீல் வைக்கும் முன் ஷெட்டுக்காரர் ராவுத்தர் பலகையைத் தட்டி, "வள்ளிக்கண்ணு, வெளிய வா அம்மணி" என்று கூப்பிடுவார். தலையெல்லாம் பஞ்சாக அவள் இறங்கி வருவாள்.

காய்ச்சலில் வள்ளி போன பிறகு அம்மா வேலைக்குத் திரும்பிய அன்று, பழக்கத்தில் அவர் அப்படியே கூப்பிட்டுவிட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு, அவசரமாக ஈய சீலைக் கையில் எடுத்தார்.

அம்மா ஊசியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்கண்ணா, இன்னொருக்கா கூப்பிடுங்க."